சாந்தினி படகின் தாங்கு கயிறு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கிங்ஸ் சர்க்கிளில் கோமதிநாயகத்தின் மாடி அறைக்கு வந்த பெண், உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கையிலிருந்த சாக்குப் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். கறுத்துப்போன கயிறு ஒன்று சுருளாக விழுந்து காபி டம்ளரைத் தள்ளிவிடப் பார்த்தது. கோமதிநாயகம் டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில நான் மாகுல் படகு கிளப்புக்குப் போயி, பெரிய மனுசங்க எல்லாரு முன்னாலயும் தப்பு என்னோடதுதான்னு மன்னிப்புக் கேக்கணுமாம், அண்ணாச்சி. கேக்கலைன்னா போலீஸ்ல சொல்லி உள்ள வைப்பாகளாம். நான் கேக்க மாட்டேன். உள்ள போனாலும் போவேனே தவிர கேக்க மாட்டேன்.”

அவள் பெயர் அக்தர் பானு. தாராவியில் தார்ப்பாய்ப் பட்டறை வைத்திருந்தாள். புருஷன் ஜெயினுலாப்தீனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கரையில் இருக்கமாட்டார். லாரிக்குத் தார்ப்பாய், கல்யாணத்துக்குப் பந்தல் துணி என்று தைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருஷமாகப் பாய்மரப் படகுகளுக்கும் பாய் தைத்துக் கொடுத்தாள். கிளப்பில் பாதிப் படகுகள் அவள் தையலில்தான் ஓடின. அவளைப் பார்த்து, “ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரேம்மா, வாயா தேஞ்சு போகும்” என்று புத்தி சொன்னவர்கள் தெருவெல்லாம் இருந்தார்கள். இப்படிப் புத்தி சொல்கிறவர்கள் பணக்காரன் வீட்டுப் படியேறிச் சொன்னதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கோமதிநாயகத்திடம் அவளை அழைத்துவந்தவன் பூலோகம். தாராவிக்காரன், டாக்ஸி ஓட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியும் அடங்காத ஆர்வக்கோளாறு. கோமதிநாயகம் முன்பு கப்பல் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருந்தவர். சரக்கு நனைந்ததா, நனைக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்வது வேலை. பெரிய புள்ளி ஒருவரின் பஞ்சு மூட்டைகள் நனைக்கப்பட்டவை என்று எழுதினார். மாற்றி எழுதச் சொன்னார்கள். முடியாது என்றார். வேலை போயிற்று. அதன்பிறகு இந்த மாடி அறைதான், வருகிறவர்களின் வழக்குதான். சவாரி இல்லாத நேரமெல்லாம் பூலோகம் இங்கேதான் கிடப்பான்.

“மொதல்லருந்து சொல்லும்மா. படகு யாருது?” என்றார் கோமதிநாயகம்.

“செம்பூர்ல பெயிண்ட் ஃபேக்டரி வச்சிருக்க கணேசபாண்டியன். படகு பேரு சாந்தினி. அதோட பாய் நான் தச்சது. பாயோட அடிப்பக்கத்தை ஒரு நீளக் கட்டையில கட்டியிருக்கும். பாய்க்கட்டைன்னு வச்சுக்கிடுங்க. பாய்மரத்து உச்சியிலேருந்து ஒரு கயிறு இறங்கி அந்தக் கட்டையோட வெளிநுனியைப் பிடிச்சிருக்கும். அதான் இந்தத் தாங்கு கயிறு. பாயை ஏத்திட்டா பாயே கட்டையைத் தூக்கிக்கிடும், கயித்துக்கு வேலை இல்ல. பாயை இறக்கையிலதான் இது தாங்கணும். தாங்கலைன்னா, கீழ சுக்கான் பிடிக்கவன் மேல கட்டை விழும். போன ஞாயித்துக்கிழமை அதான் விழுந்துச்சு. கணேசபாண்டியனுக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிஞ்சுபோச்சு.”

“உன் மேல என்ன குத்தம் சொல்லுதாக?”

“பாய் ஏறியிருக்கும்போது இந்தக் கயிறு தொளதொளன்னு தொங்கும். காத்துல அடிச்சு அடிச்சுப் பாயோட ஓரத்தைத் தின்னுரும். ஒரு தடவை நான் தச்ச ஓரம் பூரா பிரிஞ்சு வந்துச்சு. அதுக்குத்தான் தீபாவளி கழிஞ்சு படகைத் தண்ணியில இறக்கும்போது, சைக்கிள் டியூப்பை வாராட்டம் வெட்டி, ஒரு முழத் துண்டை எடுத்து, அதோட ரெண்டு நுனியையும் கயித்துல ரெண்டு முழ இடைவெளியில முடிஞ்சு விட்டேன். தொளதொளத்தா ரப்பர் சுருங்கி, மிச்சக் கயித்தை மடிச்சுப் பிடிச்சுக்கிடும். பாரம் வந்தா ரப்பர் நீளும், கயிறு நேராகும், கயிறு தாங்கும். ரப்பர் தாங்க வேண்டியதே இல்ல.” அவள் கயிற்றைச் சுட்டிக்காட்டினாள். “இப்ப என்னடான்னா, கணேசபாண்டியனோட மச்சினன் நம்பிராஜன் இந்தக் கயித்தைக் கொண்டாந்து என் பட்டறையில வீசுதாரு. ‘உன் ரப்பர் கயித்தை இறுக்கி அறுத்துருச்சு, தாராவி வேலைன்னாலே இப்படித்தான்’னு கத்துதாரு. தைக்கிற பிள்ளைகள்லாம் கேட்டுக்கிட்டு நிக்காளுக.”

கோமதிநாயகம் கயிற்றை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். ஒரு முனையில் கொக்கி. மறுமுனை அறுந்து, நார் நாராக விரிந்து நின்றது. அந்த நார்களில் லேசான செம்பழுப்பு. அதற்குக் கொஞ்சம் கீழே, சைக்கிள் டியூப் வார் கயிற்றின்மேல் பல சுற்றாக இறுகச் சுற்றப்பட்டிருந்தது. அதில் முடிச்சு இல்லை. நுனி, கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. அந்த நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“எலி கடிச்சிருக்கு அண்ணாச்சி,” என்றான் பூலோகம். “படகுல எலி ஜாஸ்தி.”

கோமதிநாயகம் ரப்பரைப் பிரித்தார். அடியில் கயிறு, மற்ற இடங்களைப் போலவே கன்னங்கரேலென்று இருந்தது. செம்பூர்ப் பக்கம் ஆலைப் புகையில் கரி படியாத பொருள் கிடையாது. துவைத்துக் காயப்போட்ட வேட்டிகூடச் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் கயிற்றில் இன்னும் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு இடங்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் அவர் முழம்போட்டுப் பார்த்தார். இரண்டு முழம்.

“இந்த ரப்பர்ச் சுத்து நீ போட்டதா?”

“இல்ல. அதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன். துண்டு என்னோடது, சுத்து என்னோடதில்ல. நான் சொன்னா யாரு கேக்கா? ‘கட்டுனவ வேற என்ன சொல்லுவா’ன்னு சிரிக்காக.”

“நாளைக்கு நீ கிளப்புக்குக் கட்டாயம் வரணும்.”

பானு முறைத்தாள். “மன்னிப்புக் கேக்கவா?”

“கேக்க இல்ல. இன்னிக்கு மொதல்ல படகைப் பாத்துருவோம்.”

பூலோகத்தின் டாக்ஸி சயான், சுனாபட்டி தாண்டி செம்பூருக்குள் நுழைந்தது. சாலையைப் பார்த்த நேரத்தைவிடப் பின்சீட்டைப் பார்த்த நேரம் அவனுக்கு அதிகம்.

“இந்தக் கணேசபாண்டியனை எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அவருக்குத்தான் என்னைத் தெரியாது. பதினஞ்சு வருசத்துக்கு முன்னால எங்க கல்லிச் சந்துலதான் கெடந்தாரு. சைக்கிள் கேரியர்ல பெயிண்ட் டப்பாவைக் கட்டிக்கிட்டு வீடு வீடா விப்பாரு. இப்ப தாராவின்னு சொன்னாலே மூக்கைப் பொத்துவாரு. மச்சினன் நம்பிராஜன் வேற ரகம். காலேஜ் படிப்பு, பொறந்ததுலேருந்து கார். நான் அடிச்சுச் சொல்லுதேன், மச்சினன்தான் கயித்தை அறுத்திருக்கான். மாப்பிள்ளையைப் படுக்கையில போட்டுட்டு ஃபேக்டரியை அமுக்கப் பாக்கான். பக்கா லஃப்டா, தில்லுமுல்லு.”

“ரோட்டைப் பாத்து ஓட்டும்வே,” என்றார் கோமதிநாயகம்.

மாகுல் துறையில் சாந்தினியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மன்சூர் அலி. ராமநாதபுரத்துப் பக்கத்து மரக்கலக்காரர். பானுவைக் கிளப்புக்கு முதலில் அழைத்துவந்ததே அவர்தான். அந்தக் குற்றத்துக்காக அவரையும் வேலையைவிட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு இருந்தது. அவர் தோணியில் மூவரையும் படகுக்கு ஏற்றிச் சென்றார்.

“அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க மரைக்காரே,” என்றார் கோமதிநாயகம்.

“கிளப் தலைவர் அனந்தநாராயணன் சாரும் அவுக வீட்டம்மாவும் விருந்தாளியா வர்றதாச் சொல்லியிருந்தாக. மொதலாளியைக் கமிட்டியில சேக்கப் போறாகன்னு பேச்சு. காலையில அவுகளைக் கூட்டிவர நான் தோணியை எடுத்துட்டுக் கரைக்குப் போயிட்டேன். படகுல மொதலாளியும் மச்சினரும் இருந்தாக. மச்சினரு கீழ அறையில சாப்பாட்டுச் சாமான் அடுக்கிக்கிட்டு இருந்தாரு. பாய்க்கட்டை இந்தக் கவட்டையில உக்காந்து இருந்துச்சு.” சுக்கானுக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருந்த கவட்டைக் கால் ஒன்றைக் காட்டினார். “நாங்க வந்ததும் பாயை ஏத்தினேன். கட்டை தானா மேல தூக்கிக்கிடுச்சு. கவட்டையை மடக்கி வச்சேன். ஓடுனோம். திரும்பி வந்து நங்கூரம் போட்டதும், பாயை இறக்குன்னாரு மொதலாளி. இறக்குனேன். கட்டை நேரா அவரு தோள்ல விழுந்துச்சு.”

“இறக்குறதுக்கு மொதல்ல கவட்டையை நிமித்தி வைக்கலியா?”

“பானு ரப்பர் போட்டதுலேருந்து அவசரமே இல்லியே. கட்டை ஒரு சாண் இறங்கும், கயித்துல நிக்கும், பொறவு நிதானமாக் கவட்டையை வப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன்.”

“அப்ப கயிறு அறுந்து தொங்குனதைப் பாத்தீங்களா?”

“பாக்கலை. மொதலாளி அலறுதாரு, அந்தம்மா மயங்கி விழுதாக. ஆளைப் பாப்பமா கயித்தைப் பாப்பமா? பாய்மரத்தோட ஒட்டிக்கிட்டு ஏழெட்டுக் கயிறு இறங்கும், எது எதுன்னு அப்ப யாரு பாத்தா. புதன்கிழமை மச்சினரு வந்து, அறுந்து கிடக்குன்னு காமிச்சப்பதான் தெரிஞ்சுது. அதை அவுத்துக்கிட்டுத்தான் பானு பட்டறைக்குப் போனாரு.”

“ஞாயித்துக்கும் புதனுக்கும் நடுவுல யாரு படகுக்கு வந்தா?”

“திங்கக்கிழமை மச்சினரு தனியா வந்து ரொம்ப நேரம் இருந்தாரு. ரத்தக்கறை போகக் கழுவிட்டுப் போனாரு.” பூலோகம் கோமதிநாயகத்தின் முழங்கையை இடித்தான். மன்சூர் அலி தொடர்ந்தார். “செவ்வாக்கிழமை மொதலாளியே வந்தாரு. வலது கை நெஞ்சோட சேத்துக் கட்டியிருக்கு, பாவம். பைனாகுலரை எடுக்கணும்னாரு. நான் எடுத்துத் தாரேன்னதுக்கு, தோணியிலேயே இருன்னுட்டாரு. வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தாரு. வலி போல.”

கோமதிநாயகம் படகை மெதுவாகச் சுற்றிவந்தார். பாய்மரத்தின் அடியில் கயிறுகளைக் கட்டிவைக்க மர முளைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கயிறு சுற்றியிருந்தது, ஒன்றைத் தவிர. அந்தக் காலி முளையில் கரி அப்பிக் கிடந்தது. ஆனால் நடுவில் மட்டும் கயிறு சுற்றிய தடமாகக் கரி துடைபட்டு மரம் தெரிந்தது.

“இதுல என்ன கட்டுவீங்க?”

“ஒண்ணும் கட்டுறதில்ல. சும்மா கிடக்கும்.”

பிறகு படகின் முன்பக்கம் சுருட்டிக் கிடந்த நங்கூரச் சங்கிலியைக் குனிந்து பார்த்தார். துருப்பிடித்த வளையம் ஒன்றில் வெள்ளை நார்த் துணுக்குகள் சிக்கியிருந்தன. அவற்றைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டார். பாய்மர உச்சியிலிருந்து தொங்கிய மேல்பாதிக் கயிற்றின் நுனியைத் தடவினார். அங்கேயும் அதே செம்பழுப்பு.

“யாருன்னு தெரிஞ்சுபோச்சா?” என்று பானு கேட்டாள்.

“தெரிஞ்சுது. ஆனா நான் இங்க உன்கிட்ட மட்டும் சொன்னா அது உனக்குப் போதுமா?”

“போதாது,” என்றாள் பானு. “என்னை எங்க வச்சு அசிங்கப்படுத்த நெனச்சாகளோ, அங்க வச்சுச் சொல்லணும்.”

மறுநாள் காலை கிளப்பின் துறைமேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலி எல்லாம் உறுப்பினர்களுக்கு. பானு நிற்பதற்கு ஓர் இடம் காட்டினார்கள். அவள் அங்கே நிற்காமல், சாந்தினியைக் கட்டியிருந்த தூணில் சாய்ந்து நின்றாள். தலைவர் அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். கணேசபாண்டியன் வெள்ளைக் கால்சட்டையும் வலது கையைத் தாங்கிய கழுத்துக் கட்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம்பிராஜன்.

“ஆரம்பிக்கலாமா? அந்தம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிடட்டும்,” என்றார் அனந்தநாராயணன்.

“அவங்களுக்குப் பதிலா நான் பேசறேன் சார்,” என்று கோமதிநாயகம் முன்னால் வந்தார். “முதல்ல நம்பிராஜன் சார் ஒரு உதவி செய்யணும். இந்தப் புது ரப்பர் வாரை இந்தத் துண்டுக் கயித்துல கட்டிக் காட்டுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி.”

நம்பிராஜன் எரிச்சலோடு வாங்கினார். ரப்பரை இழுக்காமல் ரிப்பன் போலச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, மேலே ஒரு பூ முடிச்சும் போட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“நன்றி. இப்ப நீங்க பானு பட்டறைக்குக் கொண்டுபோன கயித்தைப் பாருங்க. ரப்பர் எவ்வளவு இறுக்கமா இருந்ததுன்னு சுத்துன தடமே சொல்லும். ஒவ்வொரு சுத்தையும் இழுத்து இழுத்துச் சுத்தியிருக்கு. சைக்கிள் கேரியர்ல சாமான் கட்டுறவன் சுத்துற சுத்து அது. ரப்பரைக் கண்டா இழுத்துச் சுத்தத்தான் அந்தக் கைக்குத் தெரியும். பானுவோட ரப்பர் எதையும் கட்டுறதுக்கு இல்ல; தளர்ந்த கயித்தை மடிச்சு வைக்கறதுக்கு. அது எதுக்கு இருந்ததுன்னே தெரியாத ஆள்தான் இதைச் சுத்தியிருக்கணும்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?” என்றார் கணேசபாண்டியன். “அவளே அப்படிக் கட்டியிருக்கலாமே.”

“கட்டியிருந்தா, இத்தனை மாசத்துல ரப்பருக்கு அடியில கயிறு வெளுப்பா இருந்திருக்கும். செம்பூர்க் கரி அங்க ஏறியிருக்காது. பிரிச்சுப் பார்த்தேன், அடியில கறுப்பு. வெளுப்பா இருக்கறது கீழ ரெண்டே இடம், ரெண்டு முழ இடைவெளியில. பானுவோட ரெண்டு முடிச்சும் இருந்த இடம் அது. ஆக, அவ கட்டினதை யாரோ அவிழ்த்துட்டாங்க. கயித்துல கரி ஏறின பின்னால, அதாவது இப்ப சமீபத்துல, வேற இடத்துல சுத்தியிருக்காங்க.”

அனந்தநாராயணன் கயிற்றை வாங்கிப் பார்த்தார். பிறகு தமிழ் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். கயிறு கைமாறிக் கைமாறிப் போயிற்று.

“அடுத்தது, கயிறு அறுந்த விதம். நுனியில துரு இருக்கு. பாய்மரத்துலயோ கட்டையிலயோ துருப்பிடிக்க இரும்பே கிடையாது. நங்கூரச் சங்கிலியில இந்த நாரு சிக்கியிருந்தது.” கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். “கயித்தைச் சங்கிலியில வச்சுத் தேய்ச்சு அறுத்திருக்காங்க. நங்கூரம் கடைசியா இறங்கினது ஞாயித்துக்கிழமை, கட்டை விழறதுக்குக் கொஞ்சம் முன்னால; அதுக்கு முந்தியே சிக்கியிருந்தா, சங்கிலி ஓடின ஓட்டத்துல இந்த நாரு உதிர்ந்திருக்கும். ஆகக் கயிறு அறுந்தது விபத்துக்கு அப்புறம்.”

“அறுபடாத கயிறு இருக்கும்போது கட்டை எப்படி விழும்?” என்று அனந்தநாராயணன் கேட்டார்.

“கயிறு கட்டையில மாட்டியே இல்லை சார். நீங்க வர்றதுக்கு முன்னால அதோட கொக்கியைக் கட்டையிலேருந்து கழட்டி, பாய்மரத்தடியில சும்மா கிடந்த முளையில சுத்தி வச்சிருந்தாங்க. முளையில கரி துடைபட்ட தடம் இன்னும் இருக்கு, போய்ப் பாருங்க. கட்டை அப்ப கவட்டையில இருந்ததால ஒண்ணும் தெரியலை. பாய் ஏறினதும் பாயே தூக்கிக்கிட்டது. இறக்கினப்பதான் தாங்க ஆளில்லை.”

“நான் இல்லை,” என்று நம்பிராஜன் எழுந்தார். “நான் கீழே இருந்தேன். புதன்கிழமை போனப்ப கயிறு அறுந்துதான் கிடந்தது. சத்தியமா.”

தூணுக்குப் பின்னாலிருந்து பூலோகம் ஓர் அடி முன்னால் வைத்தான். அவன் சந்தேகப்பட்ட ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்ற சந்தோஷம் முகமெல்லாம் தெரிந்தது.

“நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்,” என்றார் கோமதிநாயகம். பூலோகத்தின் முகம் வாடிப்போயிற்று. “உங்களுக்கு ரெண்டு கை இருக்கு. ரெண்டு கை இருக்கறவன் முடிச்சுப் போடுவான், நீங்க மூணு போட்டீங்க. நான் பிரிச்ச ரப்பர்ல முடிச்சே இருக்கலை. நுனியை அடியில செருகியிருந்தாங்க. நுனியில சின்னச் சின்னப் பள்ளம்.”

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒரு துண்டுக் கயிற்றைக் கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதித்தார். குனிந்து, இடது கையால் ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினார். கடைசிச் சுற்றுக்கு வந்ததும், நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு, விரலால் சுற்றைத் தூக்கி உள்ளே தள்ளினார். நிமிர்ந்து அதைத் தலைவரிடம் கொடுத்தார். இரண்டு ரப்பர் நுனிகளையும் அனந்தநாராயணன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“ஒத்தைக் கையும் பல்லும்,” என்றார் கோமதிநாயகம். “செவ்வாய்க்கிழமை படகுல தனியா இருந்தவருக்கு அது ரெண்டும்தான் இருந்தது.”

எல்லோரும் கணேசபாண்டியனின் கழுத்துக் கட்டைப் பார்த்தார்கள்.

“அத்தான்?” என்றார் நம்பிராஜன். “நான் அந்தம்மா பட்டறையில போயிக் கத்திட்டு வந்தேனே. நீங்கதானே அனுப்பினீங்க.”

கணேசபாண்டியனின் குரலில் வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

“ஆமா, கழட்டினேன். தலைவர் வர்றாரு, அவுக வீட்டம்மா வர்றாக. என் படகுல சைக்கிள் டியூப் தொங்குறதைப் பாத்துட்டு என்ன நெனப்பாக? அந்த டியூப்பைக் கட்டிக்கட்டி என் கை காய்ச்சுப்போயிருந்த காலத்தை நான் தாண்டி வந்தாச்சு. அதை எதுக்கு மறுபடியும் கண்ணு முன்னால தொங்கவிடணும்? ரப்பரைக் கழட்டினதும் கயிறு தொளதொளன்னு ஆடிச்சு. அதையும் கழட்டி முளையில கட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். தன் கட்டையைத் தானே தலையில போட்டுக்கிட்டவன்னு கிளப்பே சிரிக்கும். யாரு மேலயாவது போட்டாகணும்.”

“அந்த யாரோ நான்தானா?” என்றாள் பானு.

“சரி, விடு. போலீஸும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். போ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் கழட்டாட்டியும் அது என்னைக்காவது விழுந்துதான் இருக்கும். குப்பை ரப்பர் அது. குப்பைத்தொட்டிச் சாமானை நம்பி எவன் தலையைக் குடுப்பான்?”

உறுப்பினர்களில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நமக்கு வேண்டியவன் மாட்டிக்கொண்டாலும் தாராவி ரப்பர் தாராவி ரப்பர்தானே என்ற தலையாட்டல். பானு அதைப் பார்த்தாள். அவள் அங்கே வந்தது போலீஸிலிருந்து தப்பிக்க அல்ல. இந்தத் தலையாட்டலோடு வீட்டுக்குப் போனால், நாளை முதல் கிளப்பில் ஒரு பாய்கூட அவளிடம் வராது. தைக்கிற பிள்ளைகள் காதில் விழுந்த வார்த்தையும் அப்படியே நின்றுவிடும்.

“மன்சூர் மாமா, படகுல புதுக் கயிறு இருக்கா?” என்றாள்.

இருந்தது. மன்சூர் அலி பாய்மர உச்சிக்கு அதை ஏற்றிக் கட்டி, கீழ்நுனியைப் பாய்க்கட்டையின் வெளிநுனியில் கட்டினார். பானு படகில் இறங்கினாள். அந்தப் பழைய ரப்பர்த் துண்டையே எடுத்து, பல்தடம் இருந்த நுனியை மட்டும் கத்திரியால் வெட்டி எறிந்துவிட்டு, கயிற்றில் ஒரு முடிச்சு, எட்டிக் கீழே இன்னொரு முடிச்சுப் போட்டாள். மிச்சக் கயிறு ரப்பருக்குப் பக்கத்தில் மடிந்து தொங்கியது. மன்சூர் அலி பாயை ஏற்றினார். பாய் காற்றில் படபடத்து நிமிர்ந்தது. தாங்கு கயிறு பாயைத் தொடாமல் ஒதுங்கி நின்றது.

“கவட்டையை மடக்கிருங்க மாமா.”

“எதுக்கும்மா?”

“மடக்குங்க.”

அவர் மடக்கினார். பானு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் உட்கார்ந்திருந்த இடத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில், கட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். கட்டை அவள் தலைக்கு மேல் ஒரு முழத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் துறைமேடை ஓரத்துக்கு வந்தார். “வேண்டாம்மா. சொன்னதே போதும்.”

“உங்களுக்குப் போதும் அண்ணாச்சி.” அவள் மேலே பார்க்கவில்லை. கணேசபாண்டியனைப் பார்த்தாள். “எவன் தலையைக் குடுப்பான்னு கேட்டீங்கள்ல. அவுத்து விடுங்க மாமா.”

மன்சூர் அலி பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டு, பாய்க்கயிற்றை முளையிலிருந்து விடுவித்தார். பாய் சரசரவென்று சரிந்தது. கட்டை கீழே வந்தது. துறைமேடையில் யாரோ பெண்மணி கண்ணைப் பொத்திக்கொண்டாள். பூலோகம் இந்தியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். ரப்பர் நீண்டது, மடிந்திருந்த கயிறு விறைத்தது, கட்டை அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்று மெல்ல ஆடியது.

பானு எழுந்திருக்கவில்லை. கட்டையின் நுனியைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள்.

“இப்ப சொல்லுங்க. எல்லாரும் இருக்காக.”

கணேசபாண்டியன் அனந்தநாராயணனைப் பார்த்தார். அனந்தநாராயணன் கயிற்றைப் பார்த்தார். நம்பிராஜன் தன் நாற்காலியை விட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றார். தன் பக்கம் யாரும் இல்லை என்றானபிறகு, கணேசபாண்டியன் எழுந்தார். எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வரவில்லை.

“தப்பு என்னோடது,” என்றார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை.

“கேக்கலை,” என்றாள் பானு.

“தப்பு என்னோடது. நீ கட்டுனது சரியா இருந்துச்சு. நாந்தான் கழட்டுனேன். பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுக்கோ.”

அனந்தநாராயணன் அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

பானு கட்டைக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தாள். துறைமேடையில் ஏறி, காலியாக இருந்த முன்வரிசை நாற்காலியில், நம்பிராஜன் விட்டுப்போனதில், உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“கேட்டுட்டீங்க,” என்றாள். “மன்னிக்கதா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்லுதேன்.”